கோட்டுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல 'செல்ஃப் எஸ்டீம் பத்தி கேளுங்க'ன்னு ஓரமா ரெண்டு வரி போட்டோம், அவ்ளோதான். வந்த கடிதத்தையும் வாட்ஸ்அப் மெசேஜையும் படிச்சு முடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. முக்கால்வாசி ஒரே கேள்விதான், வயசும் ஏரியாவும் மட்டும் மாறுது. அதனால சிலதைச் சேர்த்துட்டேன், சிலதைச் சுருக்கிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: மேடம், எனக்கு 36 வயசு. ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனில டீம் லீட். ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், இஎம்ஐ ஓடுது, பையன் நல்லா படிக்கிறான், குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல என் பெஞ்ச்மேட் ஒருத்தி அவ கம்பெனில டைரக்டர் ஆன போட்டோ போட்டா. 'வாழ்த்துக்கள்டி'ன்னு மூணு ஹார்ட் போட்டுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். வீட்டுக்காரர் 'உனக்கு லோ செல்ஃப் எஸ்டீம்'ங்கிறார். அப்படின்னா என்ன? டெஸ்ட் ஏதாச்சும் இருக்கா? – வேளச்சேரி வாசகி

பதில்: வீட்டுக்காரர் கண்டுபிடிப்பை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஒரு கணக்கு போடுவோம்மா. வில்லியம் ஜேம்ஸ்னு ஒரு அமெரிக்கர், ரெண்டு வருஷத்துல புத்தகம் எழுதித் தர்றேன்னு பதிப்பாளர்கிட்ட ஒத்துக்கிட்டு 12 வருஷம் இழுத்தடிச்சு 1890ல ஒருவழியா கொண்டுவந்தாரு, மனோதத்துவத்துக்கே அது மூலப் புத்தகம் மாதிரி ஆயிடுச்சு. அதுல செல்ஃப் எஸ்டீமை ஒரு பின்னமா எழுதுறாரு. கோட்டுக்கு மேல நீங்க ஜெயிச்சது, கீழ நீங்க 'நான் இப்படி இருக்கணும்'னு பிடிச்சு வச்சிருக்கிறது. மேல இருக்கிறதை கீழ இருக்கிறதால வகுத்தா வர்றதுதான் உங்க மேல உங்களுக்கு இருக்கிற மதிப்பு.

இதுல நம்ம எல்லாரும் மேல இருக்கிற நம்பரை ஏத்தத்தான் ஓடுறோம், இன்னொரு சர்டிஃபிகேட், இன்னொரு புரமோஷன், இன்னொரு கிரவுண்ட் வாங்கிப் போடுறது. கீழ இருக்கிற நம்பரை யாரும் எட்டிக்கூட பாக்குறதில்ல, அது பாட்டுக்கு சத்தமில்லாம ஏறிட்டே போகுது. உலகத்துலயே ரெண்டாவது பெரிய குத்துச்சண்டை வீரனா இருந்தும் ஒருத்தன் வெக்கத்துல செத்துட்டு இருப்பான்னு ஜேம்ஸ் சொல்றாரு, ஏன்னா அவன் கோட்டுக்குக் கீழ எழுதி வச்சிருக்கிறது 'முதல் ஆள்'னு. தன்னைப் பத்தியும் சொல்றாரு: மனோதத்துவத்துல எவனாச்சும் என்னை விட கூட தெரிஞ்சவன் வந்துட்டா எனக்கு உசுரு போகும், ஆனா கிரேக்க மொழி சுத்தமா தெரியாதுங்கிறதுல எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லன்னு. ஏன் இல்ல? கோட்டுக்குக் கீழ கிரேக்கம் எழுதல, அதான்.

இப்ப உங்க ஃபிரெண்டுக்கு வருவோம். இதே பொண்ணு பரதநாட்டியத்துல பெரிய ஆளாகி சபால ஆடுற போட்டோ போட்டிருந்தா நீங்க அழுதிருப்பீங்களா? ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் 'என் பெஞ்ச்மேட் தெரியுமா'ன்னு காட்டிட்டு திரிஞ்சிருப்பீங்க. ஆபிரகாம் டெஸர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1988ல இதைத்தான் விளக்கமா எழுதினாரு. நெருங்கின ஆள், நமக்கு முக்கியமான அதே விஷயத்துல நம்மள தாண்டிட்டா குத்தும், நமக்கு சம்பந்தமில்லாத விஷயத்துல ஜெயிச்சா அவங்க பெருமைல நமக்கும் ஒரு பங்கு கிடைக்கும். அதுக்கும் முன்னாடி 1954ல லியோன் ஃபெஸ்டிங்கர்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர், மனுஷன் தன்னை அளக்க கையில அளவுகோல் இல்லாதப்போ அடுத்தவனை வச்சு அளப்பான், அதுவும் தன்னை மாதிரியே இருக்கிறவனை வச்சு அளப்பான்னு சொல்லிட்டாரு. அதனாலதான் அம்பானி வீட்டுக் கல்யாணத்தைப் பாத்து நமக்கு தூக்கம் போறதில்ல, எதிர் ஃப்ளாட்டுக்காரங்க கார் மாத்தினா போயிடுது. உங்க ஸ்கூல் குரூப்ங்கிறது ஒரே பெஞ்ச், ஒரே டீச்சர், ஒரே மார்க் ரேஞ்ச், அளந்து பாக்குறதுக்குன்னே செஞ்ச மாதிரி 40 அளவுகோலை ஒரே பாக்கெட்ல போட்டு தலகாணி பக்கத்துல வச்சிக்கிட்டா என்னம்மா ஆகும்?

டெஸ்ட் கேட்டீங்க. இருக்கு. மாரிஸ் ரோசன்பெர்க் 1965ல போட்டது, பத்தே வாக்கியம், அஞ்சு நம்மள பத்தி நல்லதா, அஞ்சு கெட்டதா, ஒவ்வொண்ணுக்கும் 'ரொம்ப ஒத்துக்கிறேன்'ல இருந்து 'சுத்தமா ஒத்துக்கல' வரைக்கும் நாலு டிக். நியூயார்க் மாநிலத்துல 10 ஸ்கூல்ல 5,024 பசங்களை வச்சு செஞ்சது, இன்னைக்கும் உலகத்துல அதிகமா பயன்படுத்துறது அதுதான். எனக்கு அந்த பத்து கேள்வியை விட ரோசன்பெர்க் சொன்ன ஒரு விஷயம் ரொம்ப பிடிக்கும். செல்ஃப் எஸ்டீம் அதிகமா இருக்கிறவன்னா தன்னை ஒசத்தியா நினைக்கிறவன் இல்லையாம், 'நான் போதும், பரவால்ல'ன்னு நினைக்கிறவனாம். நம்ம ஊர்ல போதும்ங்கிற வார்த்தையை இலைல சோறு வைக்கும்போதுதான் கேக்க முடியுது.

உங்களுக்கு லோ செல்ஃப் எஸ்டீம்னு ஒரு போட்டோவை வச்சு நான் சொல்ல மாட்டேன், வீட்டுக்காரரையும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க. ஆனா ஒரு பேப்பர்ல கோடு போட்டு கீழ 'டைரக்டர்'னு எழுதினது யாருன்னு யோசிச்சுப் பாருங்க. போட்டோ வர்றதுக்கு முந்தின நாள் வரைக்கும் அது அங்க இருந்துச்சா? நிஜமாவே இருந்துச்சுன்னா சரி, அதுக்கு என்ன பண்ணலாம்னு ஆபீஸ்ல பேசுங்க. இல்லன்னா அது உங்க கையெழுத்து இல்லம்மா. இளமையா ஒல்லியா இருக்கணும்ங்கிற முயற்சியை விட்ட நாள் எவ்ளோ சுகமான நாள்னு அதே ஜேம்ஸ் எழுதியிருக்காரு. நான் விட்டு 15 வருஷம் ஆச்சு, உண்மைதான், சுகமாத்தான் இருக்கு.

கேள்வி: தினமும் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு 'நான் சூப்பர், நான் ஜெயிப்பேன், என்னை எல்லாருக்கும் பிடிக்கும்'னு சொல்லச் சொல்லி ஒரு யூடியூப் ஸ்பீக்கர் சொன்னாரு. ரெண்டு மாசமா சொல்றேன். முன்னாடியாச்சும் பரவால்ல, இப்ப கண்ணாடியைப் பாத்தாலே கடுப்பா வருது. நான் தப்பா சொல்றேனா? – தாம்பரம் கல்லூரி மாணவர்

பதில்: தப்பா சொல்லல தம்பி, சொல்றதே தப்பு. கனடாவுல ஜோஆன் வுட்னு ஒரு பேராசிரியை 2009ல இதை சோதிச்சுப் பாத்தாங்க. மாணவர்களை உக்கார வச்சு, மணி அடிக்கும்போதெல்லாம் 'நான் மத்தவங்க நேசிக்கத் தகுந்தவன்'னு மனசுக்குள்ள சொல்லச் சொன்னாங்க. ஏற்கனவே தன்மேல நல்ல மதிப்பு இருந்தவங்களுக்கு கொஞ்சூண்டு பலன். மதிப்பு கம்மியா இருந்தவங்க, ஒண்ணுமே சொல்லாம சும்மா இருந்த அதே மாதிரி ஆட்களை விட மோசமா ஃபீல் பண்ணாங்க. காரணம் சிம்பிள், வாய் 'என்னை எல்லாருக்கும் பிடிக்கும்'னு சொன்ன உடனே உள்ள ஒருத்தன் எந்திரிச்சு 'அப்படியா, போன வாரம் கேன்டீன்ல தனியா உக்காந்து சாப்ட்டியே'ன்னு கேப்பான், வாய் எவ்ளோ சத்தமா சொல்லுதோ அவனும் அவ்ளோ சத்தமா கேப்பான். யாருக்கு தேவையோ அவங்களுக்கு வேலை செய்யாத மருந்து அது. கண்ணாடில பல்லு விளக்கிட்டு, தலை சீவிட்டு கிளம்புங்க.

கேள்வி: என் பையன் அஞ்சாவது படிக்கிறான். நான் எதுக்கெடுத்தாலும் 'என் தங்கம் புத்திசாலி'ம்பேன், குழந்தைக்கு கான்ஃபிடன்ஸ் வரும்னு. என் மாமியார் 'புள்ளைய மூஞ்சிக்கு நேரா புகழாத, கெட்டுப் போவான், கண்ணும் படும்'ங்கிறாங்க. தினம் சண்டை. யார் சொல்றது கரெக்ட்? – அயனாவரம் வாசகி

பதில்: தீர்ப்பு சொன்னா எனக்கு ஒரு வீட்டுல காபி கிடைக்காது, பரவால்ல சொல்றேன். மாமியார் பாதி கரெக்ட்.

1998ல கிளாடியா முல்லர், கரோல் ட்வெக்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் உங்க பையன் வயசு பசங்களுக்கு, அஞ்சாம் கிளாஸ் பசங்களுக்குத்தான், புதிர் கொடுத்தாங்க. போட்டு முடிச்சதும் சில பேர்கிட்ட 'நீ புத்திசாலி'ன்னாங்க, சில பேர்கிட்ட 'நல்லா உழைச்சிருக்க'ன்னாங்க, ஒரே ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். அடுத்து ரொம்ப கஷ்டமான புதிர் கொடுத்து எல்லாரையும் தோக்க வச்சாங்க. அப்புறம் மறுபடி ஈஸியானது. உழைச்சிருக்கன்னு கேட்ட பசங்க முன்ன விட நல்லா போட்டாங்க, புத்திசாலின்னு கேட்ட பசங்க முன்ன விட மோசமா போட்டாங்க. எனக்கு பகீர்னு இருந்தது அடுத்ததுதான். வேற ஸ்கூல் பசங்களுக்கு உன் மார்க்கை எழுதிச் சொல்லுன்னு சொன்னப்போ, புத்திசாலி குரூப்ல கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினாங்க. பாவம், புத்திசாலிங்கிற பட்டத்தை காப்பாத்தணுமே, தோத்தா பட்டம் போயிடுமே. ஆனா ஒண்ணு, இதை வச்சு அப்புறம் பெரிய அளவுல ஸ்கூல்கள்ல செஞ்ச திட்டங்கள்ல பலன் கொஞ்சமாத்தான் வந்துச்சு, அதனால 'உழைப்பை மட்டும் புகழ்ந்தா ஐஐடி'ன்னு நான் எழுதினதா யாரும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

புகழ்ச்சியை ஊசி மாதிரி போட்டு ஒரு மாநிலத்தையே சரி பண்ணிடலாம்னு நினைச்ச கதையும் உண்டு. கலிஃபோர்னியாவுல ஜான் வாஸ்கன்செலோஸ்னு ஒரு எம்எல்ஏ, 1986ல சட்டம் போட்டு 25 பேர் கமிட்டி, மூணு வருஷத்துக்கு 7,35,000 டாலர், எதுக்கு? ஜனங்களோட செல்ஃப் எஸ்டீமை ஏத்துறதுக்கு. குற்றம், போதை, படிப்புல ஃபெயில் எல்லாத்துக்கும் இது ஒரு தடுப்பூசின்னாங்க. கமிட்டிக்காக ஆதாரம் தேடிப்போன பேராசிரியர்களுக்கு கிடைச்ச தொடர்பு ரொம்ப பலவீனமா இருந்துச்சு, இருந்தாலும் 1990ல அறிக்கை ஜாம் ஜாம்னு வந்து ஸ்கூல் ஸ்கூலா பரவிடுச்சு. 2003ல ராய் பாமைஸ்டரும் இன்னும் மூணு பேரும் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் உக்காந்து சலிச்சாங்க. செல்ஃப் எஸ்டீம் அதிகமா இருந்தா மனசு சந்தோஷமா இருக்குது, சீக்கிரம் சோர்ந்து போறதில்ல, அது நிஜம். ஆனா அதனால மார்க் வருதான்னா, இல்ல, மார்க் வந்ததாலதான் ஓரளவுக்கு அது வருது. வண்டியை மாட்டுக்கு முன்னாடி கட்டியிருக்காங்க.

மாமியார் தப்பு விட்டது எங்கன்னா, புகழக்கூடாதுன்னா மூஞ்சியே கொடுக்கக்கூடாதுன்னு அர்த்தமில்ல. கார்ல் ராஜர்ஸ்னு ஒரு சிகிச்சையாளர் வாழ்க்கை பூரா சொன்னது இதைத்தான்: 'நீ இப்படி இருந்தாத்தான் உன்னைப் பிடிக்கும்'னு கண்டிஷன் போட்டு வளத்த குழந்தை, பெரியவனானதுக்கு அப்புறமும் அந்த கண்டிஷனை தனக்குத்தானே போட்டுக்கும். ரிப்போர்ட் கார்டு நல்லா வந்த அன்னைக்கும் வராத அன்னைக்கும் ராத்திரி சாப்பாட்டுல அதே தோசை, அதே பொடி, அதே எண்ணெய். மாமியாருக்கு இது கண்டிப்பா தெரியும், பேரன்னா அவங்கதான் எக்ஸ்ட்ரா நெய் ஊத்துற ஆளா இருப்பாங்க.

கேள்வி: எல்லாம் வெள்ளைக்காரன் தியரி. 'நான், எனக்கு, என் மதிப்பு'ன்னு தனியா ஒரு ஆள் நம்ம ஊர்ல எங்கம்மா இருக்கான்? எங்க காலத்துல சுயமரியாதைன்னா அதுக்கு வேற அர்த்தம். ரெண்டும் ஒண்ணா? – பெரம்பூர் வாசகர், வயது 71

பதில்: ஐயா, இந்த மாசம் வந்ததுலயே எனக்குப் பிடிச்ச கேள்வி.

முதல் பாதியை அவங்களே ஒத்துக்கிட்டாங்க. 1991ல ஹேசல் மார்கஸும் ஜப்பான்காரர் ஷினோபு கிடாயமாவும் சேர்ந்து எழுதின கட்டுரைல, அமெரிக்காவுல 'நான்'ங்கிறது வேலி போட்ட தனி பிளாட் மாதிரி, ஜப்பான் மாதிரி ஊர்ல அது பக்கத்து வீட்டோட சுவரை பங்கு போட்டுக்கிட்ட வீடு மாதிரிங்கிற அர்த்தத்துல பேசியிருக்காங்க (வீடு, வேலி எல்லாம் என் சரக்கு). அவங்க எடுத்துக்காட்டினது ரெண்டு பழமொழி: சத்தம் போடுற சக்கரத்துக்குத்தான் எண்ணெய் கிடைக்கும்ங்கிறது அமெரிக்கா, துருத்திக்கிட்டு நிக்கிற ஆணியை அடிச்சு இறக்குவாங்கங்கிறது ஜப்பான். நம்ம ஊரு ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ. பொண்ணு பாக்க வந்தவங்க 'உங்களைப் பத்தி சொல்லுங்க'ன்னு கேட்டா அப்பா என்ன பண்றார், அண்ணன் எங்க இருக்கார்னுதான் முதல்ல ஆரம்பிக்கிறோம்.

ரெண்டாவது பாதி இன்னும் முக்கியம். சார்லஸ் கூலின்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1902ல சொன்னாரு, அடுத்தவன் கண்ணுதான் நமக்கு கண்ணாடி, அவன் நம்மள எப்படி பாக்குறான்னு நாம நினைக்கிறோமோ அதுல இருந்துதான் நம்ம பெருமையும் வெக்கமும் வருதுன்னு. சரி, கண்ணாடியே கோணலா இருந்தா? ஒரு ஊரே சேர்ந்து ஒருத்தனை 'நீ கீழ'ன்னு காட்டுற கண்ணாடியா இருந்தா, அவனை தனியா ரூம்ல உக்கார வச்சு 'உன்னை நீ மதிச்சுக்கோ'ன்னு கவுன்சிலிங் கொடுக்கிறது என்ன நியாயம்? பெரியார் 1925ல ஆரம்பிச்ச இயக்கத்துக்கு சுயமரியாதைன்னு பேர் வச்சாரு, ஆனா கை வச்சது கண்ணாடில. 1929 பிப்ரவரில இதோ பக்கத்துல செங்கல்பட்டுல நடந்த மாநாட்டுல பேருக்குப் பின்னாடி வர்ற சாதிப் பட்டத்தை விடணும்னு தீர்மானம் போட்டாங்க. இன்னைக்கு நம்ம ஆபீஸ் ஐடி கார்டுல பாருங்க, நாம பாட்டுக்கு இனிஷியல் போட்டுட்டு போறோம், லாஸ்ட் நேம் கட்டம் வந்தா முழிக்கிறோம். பிறந்த உடனே கோட்டுக்கு மேலயும் கீழயும் ஊரே எழுதிக் கொடுத்த கணக்கை அழிச்சுட்டு புதுசா எழுத விட்டது அது. அதனால ஒண்ணு இல்லங்கய்யா. செல்ஃப் எஸ்டீம் ஒருத்தரோட மனசுக்குள்ள ஏறி இறங்குற மீட்டர் முள்ளு, சுயமரியாதை அந்த முள்ளைத் தொட அடுத்தவனுக்கு உரிமை இல்லங்கிற சண்டை. என்னைக் கேட்டா ரெண்டாவது இல்லாத இடத்துல முதலாவதைப் பத்தி கிளாஸ் எடுக்கிறது கொஞ்சம் கூச்சமா இருக்கும்.

கேள்வி: திருவல்லிக்கேணி மேன்ஷன்ல தங்கி கிண்டில வேலை பாக்குறேன். மீட்டிங்ல இங்கிலீஷ்ல ஒரு வரி தப்பா பேசிட்டா அன்னைக்கு முழுக்க எல்லாரும் அதையே நினைச்சு சிரிக்கிற மாதிரி இருக்கு. இப்பல்லாம் வாயே தொறக்கிறதில்ல.

பதில்: 2000ல தாமஸ் கிலோவிச்னு ஒருத்தர் தன் யூனிவர்சிட்டி பசங்களுக்கு, போட்டா மானம் போற மாதிரி ஒரு பாடகர் மூஞ்சி போட்ட டீ ஷர்ட்டை மாட்டிவிட்டு ரூமுக்குள்ள அனுப்பினாரு. போட்டுக்கிட்டவங்க, கிட்டத்தட்ட பாதி பேர் கவனிச்சிருப்பாங்கன்னு நினைச்சாங்க. நிஜத்துல கவனிச்சது கால்வாசி. மீதி முக்கால்வாசி பேர் என்ன பண்ணிட்டு இருந்திருப்பாங்க? அவங்கவங்க சட்டையைப் பத்தி கவலைப்பட்டுட்டு இருந்திருப்பாங்க. உங்க மீட்டிங்லயும் அப்படித்தான் தம்பி.

உங்களுக்கு செல்ஃப் எஸ்டீமை விட ஆல்பர்ட் பந்துரா 1977ல சொன்ன விஷயம்தான் உதவும், 'இந்த ஒரு வேலை என்னால முடியும்'ங்கிற நம்பிக்கை. அது பொதுவா வராது, வேலைக்கு வேலை தனித்தனி. அது வர்றதுக்கு நாலு வழி சொல்றாரு, நம்மள மாதிரி ஒருத்தன் செய்யறதைப் பாக்குறது, அடுத்தவங்க தைரியம் சொல்றது, உடம்பு படபடப்பு அடங்குறது எல்லாம் உண்டு, ஆனா அதுல பலமானது நாமளே ஒருதரம் செஞ்சு முடிக்கிறது. அதனால அடுத்த மீட்டிங்ல ஒரே ஒரு வரி, முன்னாடி நாளே எழுதி வச்ச வரி, பேசிட்டு உக்காருங்க. அடுத்த வாரம் ரெண்டு வரி. தப்பு வரும், வரட்டும்.

பேர் போட வேணாம், கேள்வியையும் போட வேணாம்னு எழுதின அண்ணா நகர் தங்கைக்கு: மூணு வாரமா தூக்கமில்ல, சோறு இறங்கல, பிடிச்சதெல்லாம் சலிச்சுப் போச்சு, 'நான் இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்'னு தோணுதுன்னு சொல்லியிருக்கீங்க. இது மேல சொன்ன கணக்கு எதுலயும் வராதும்மா, இதுக்கு டாக்டர்கிட்ட போகணும், காய்ச்சலுக்குப் போற மாதிரி. இன்னைக்கே 14416க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண், டெலி மானஸ்னு பேரு, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. நேர்ல போறதுன்னா கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துல புறநோயாளிப் பிரிவு இருக்கு, கூட வர்றதுக்கு ஒருத்தரை கூட்டிட்டுப் போங்க. அந்தப் பேரைக் கேட்டா நம்ம ஊர்ல பண்ற கிண்டலை காதுல போட்டுக்காதீங்க. பத்திரிகை பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுன்னு நேரடியாவும் உங்களுக்கு எழுதிட்டேன், போயிட்டு வந்து ஒரு வரி போடுங்க.

கேள்வி: இவ்ளோ பேசுறீங்களே, உங்களுக்கு தாழ்வு மனப்பான்மை வந்ததே இல்லையா மேடம்? – குரோம்பேட்டை

பதில்: ஏன் வராது? தாழ்வு மனப்பான்மைங்கிற சரக்கை உலகத்துக்குப் பரப்பின ஆல்ஃப்ரெட் ஆட்லரே சின்ன வயசுல நோஞ்சான், அடுத்தவங்களைப் பாத்து ஏங்கின ஆளுதான். எனக்கு எங்க அக்கா. நல்லா பாடுவா. மார்கழி வந்தா வீட்டுக்கு வர்றவங்கல்லாம் அவளைப் பாடச் சொல்லுவாங்க, எனக்கு காபி டம்ளர் பொறுக்குற வேலை. நானும் ரகசியமா மொட்டை மாடில சாதகம் பண்ணிப் பாத்தேன், கீழ் போர்ஷன் மாமா வந்து 'யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டுட்டுப் போனாரு. ரொம்ப வருஷம் அது உறுத்திட்டே இருந்துச்சு. ஒரு டிசம்பர்ல சபா கேன்டீன்ல அக்காவும் நானும் உக்காந்திருக்கோம், உள்ள கச்சேரி நடக்குது, அவ என்ன ராகம்னு யோசிச்சிட்டு இருக்கா, 'நீ ராகத்தைப் பிடி, நான் வடையைப் பிடிக்கிறேன்'னு சிரிச்சுட்டே அவ தட்டுல கை வச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் கவனிச்சேன், வலிக்கல. எப்ப விட்டேன்னு எனக்கே தெரியல.

ஆனா என் வத்தக்குழம்பை விட அவ வத்தக்குழம்பு நல்லா இருக்குன்னு இன்னைக்கு யாராச்சும் சொல்லிப் பாருங்க, ரெண்டு நாள் பேச மாட்டேன்.